மூணாவது ரிவிஷன்படி சமையல்கட்டு யாருக்கு?

மாத இதழின் சட்டக் கேள்வி-பதில் பகுதி ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தாங்களும் தங்கள் வக்கீலும் எந்த வழக்கிலும் சிக்காமல் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலம்னு எழுதணும், எழுதிட்டேன்.

என் மனைவி இறந்து நாலு மாசம் பதினோரு நாள் ஆகுது. காய்ச்சல், மூணு நாள். அது சட்டக் கேள்வி இல்ல, தேதிக்காகச் சொல்றேன். நாங்க ரெண்டு பேருமே பம்பு கம்பெனியில டிராயிங் போடுறவங்க. அங்க படத்துல எதை மாத்தினாலும் ரிவிஷன் நம்பர் போடுவோம், புதுசு வந்தா பழசு செல்லாது. வீடு அவ பேர்ல. உயிலையும் அவ டிராயிங் மாதிரியே எழுதினா, கீழ 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்'னு கட்டமெல்லாம் போட்டு. ரிவிஷன் ரெண்டுல வீடு முழுக்க எனக்கு. அப்புறம்தான் சமையல் மேடைத் தகராறு வந்துச்சு. பிளான்ல மேடை உயரம் முப்பத்தினாலு அங்குலம். நான் ஆறடி, அவ நாலடி பத்து. நான் வெளியூர் போன வாரத்துல மேஸ்திரியக் கூப்பிட்டு இருபத்தெட்டுல கட்ட வச்சுட்டா. வந்து பார்த்தா எனக்குத் தொடைக்குத்தான் வருது. நான் கத்தினேன். "அப்ப சமையல்கட்டு உங்களுக்கு இல்ல"ன்னு அன்னிக்கே ரிவிஷன் மூணு போட்டுட்டா. வீடு எனக்கு, சமையல்கட்டு மட்டும் அவ தம்பிக்கு. சாட்சிக்குன்னு ஆபீஸ்ல ரெண்டு பேரைப் பிடிச்சா. அவங்க பழக்கதோஷத்துல 'சரிபார்த்தவர்' கட்டத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஒருத்தர் சிவப்பு மையில 'ஜன்னல் அளவு விடுபட்டுள்ளது'ன்னு வேற எழுதியிருக்காரு. உயில்ல.

போன மாசம் நான்தான் இதை மச்சானுக்குக் காட்டினேன், சிரிப்பான்னு. அவன் சிரிக்கல. டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக்கொடுக்கிறவன். மறுநாளே மடக்குக் கட்டிலோட வந்து அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவுல இறங்கிட்டான். "அத்தான், என் எடத்துக்குள்ள வரும்போது ஒரு குரல் குடுங்க"ங்கிறான். தண்ணி குடிக்க நான் குரல் குடுக்கணும். வெங்காயம் வெட்டினா பக்கத்துல நின்னு "மெதுவா, மெதுவா, இப்பத் திருப்புங்க"ங்கிறான், தரையில இல்லாத பிரேக்கை மிதிக்கிறான்.

குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிடுச்சு. மேடையை இடிச்சுப் பிளான்படி கட்டித் தரணும்னு மேஸ்திரிக்கு நோட்டீஸ் விட்டேன். சுத்தியலோட வந்தாரு. மச்சான் மேடை மேல ஏறி உட்கார்ந்துட்டான்.

"தம்பி, எறங்குங்க. சார் இடிக்கச் சொல்றாரு."

"சார் ஹாலுக்குத்தான் ஓனர். இங்க நான். எனக்கு உயரம் கச்சிதமா இருக்கு."

அவனும் அக்கா உயரம்தான்.

"குண்டானை வச்சா எக்காம உள்ள தெரியணும்னு அந்தம்மா நின்னு காட்டித்தான் சார் கட்டினேன்"னாரு மேஸ்திரி. "ரெண்டு பேரும் முதல்ல ஒரே பேச்சுக்கு வாங்க." டீ குடிச்சுட்டுப் போயிட்டாரு. டீ அவன் போட்டான்.

ஆகவே என் கேள்விகள். சாட்சி தப்பான கட்டத்துல கையெழுத்துப் போட்டா ரிவிஷன் மூணு செல்லுமா? செல்லாதுன்னா மச்சானைக் கட்டிலோட வெளியேத்த என்ன வழி? செல்லும்னா சமையல்கட்டை எனக்கு மாத்திக் குடுக்க அவன் எப்படிப் பத்திரம் எழுதணும், நடுவுல இருக்கிற கதவு யார் பங்கு? மேடைக்கு மேஸ்திரி பொறுப்பா, அளவு சொன்னவங்க பொறுப்பா? சொன்னவங்களைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது.

தங்கள் பத்திரிகையும் தங்கள் வீட்டுச் சுவர்களும் விரிசலில்லாமல் நீடூழி வாழ வாழ்த்தும்,
ஹாலின் உரிமையாளர்

பி.கு.: கவர்ல போடுறதுக்குள்ள மச்சான் இதைப் படிச்சுட்டான். கட்டிலை மடக்கினான். "அக்கா வெளையாட்டுக்கு எழுதினதுன்னு எனக்குத் தெரியாதா அத்தான். நீங்க தனியா இருந்தா சாப்பிட மாட்டீங்கன்னுதான் வந்தேன். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க"ன்னான். பேனா எழுதலன்னு சொல்லிட்டேன். அதே பேனாவுலதான் இதை எழுதுறேன். மேலே கேட்ட எதுக்கும் பதில் வேண்டாம். ரிவிஷன் மூணை எப்படியாவது செல்ல வைக்க வழி மட்டும் உடனே சொல்லுங்க. இதழ் மாசம் ஒரு தடவைதான் வரும்னு தெரியும். அதுவரைக்கும் கட்டிலோட ஒரு காலை நான் இடது கையால பிடிச்சுக்கிட்டிருக்கேன்.