டீக்கு நிற்கும் விமானம்

தென்காசியிலிருந்து வெளிநாடு புறப்பட்ட எவரும் டீக்கு நிற்காத விமானத்தில் போனதே கிடையாது. எங்கள் தெரு பல வருடங்களாக அப்படித்தான் நம்பியது. நம்ப வைத்தவர் டீ ஹால்ட் அண்ணாச்சி.

மெட்ராஸ் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய அம்மாக்களெல்லாம் டிக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். மேஜைமேல் ஆஸ்திரேலியாப் பக்கம் நசுங்கிய உலக உருண்டை ஒன்று இருக்கும். தன் பழைய விசில் கயிற்றை எடுத்து, ஏறும் ஊரில் ஒரு முனை, இறங்கும் ஊரில் மறுமுனை என்று இழுத்துப் பிடிப்பார். கிலோமீட்டரில் சொன்னால் யாருக்குப் புரியும்? மெட்ராசுக்கு இத்தனை சிங்கிள் என்பார். ஒருவழி நடைக்கு அவர்கள் தொழிலில் அதுதான் பெயர்.

பிறகு நேரக் கணக்கு. கயிற்றுக்கு இவ்வளவு, வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்ப இவ்வளவு. வழியில் மலை வந்தால், செங்கோட்டை தாண்டி மலையேறும் பஸ்ஸுக்குப் போடுவதுபோல இன்னும் கொஞ்சம். கடைசியில் டீக்கு ஒரு மணி நேரம். பஸ்ஸுக்குக் கால் மணி போதுமாம், விமானத்தில் கூட்டம் அதிகமாம்.

என் தங்கை கைக்குழந்தையோடு தனியாகத் துபாயிலிருந்து டொரண்டோவுக்குப் போனாள். அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு. மகள் இறங்கிய சேதி வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள், மாத்திரையும் போட மாட்டாள். எனக்கு அதுதான் பயம். அண்ணாச்சி கயிறு பிடித்தார். பதினெட்டு சிங்கிள். ராத்திரி எட்டரைக்குத்தான் இறங்கும், அதுவரை கவலைப்பட ஒன்றுமில்லை, சாப்பிட்டு மாத்திரையைப் போடுங்கள் என்று உத்தரவிட்டார். என் செல்போனோ ஏழு மணிக்கே இறங்கிவிடும் என்றது.

"அண்ணாச்சி, பிளேன் நடுவுல எங்கயும் நிக்காது" என்றேன்.

"டிரைவரும் மனுசந்தானலே. அத்தன சிங்கிளும் டீ குடிக்காமலா ஓட்டுவான்?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் இன்ஜினீயரிங் பட்டம் சுருண்டு விழுந்தது.

ஏழு மணி ஆனது. போன் வரவில்லை. செல்போனில் பார்த்தால் விமானம் டொரண்டோவுக்கு மேலே வட்டமடிக்கிறது. அங்கே இடியும் மழையுமாம். ஏழரையும் தாண்டியது. நான் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அம்மாவோ மத்தியானமே சாப்பிட்டு, மாத்திரையும் போட்டு, நிம்மதியாக அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்லே குட்டி போட்ட பூன மாதிரி அலையுத? டீக்கு நிக்கும்லா."

எட்டு மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். அரை மணி முந்தியே கொண்டு சேர்த்துவிட்டான் என்று அம்மா டிரைவரைப் பாராட்டினாள்.

மறுநாள் குற்றாலம் ஐந்தருவியில், தலை நிறைய எண்ணெயோடு வரிசையில் நின்ற அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன். இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நிக்காதுன்னு எனக்குத் தெரியாதாலே? பஸ் ஸ்டாண்டுல காத்துக் கெடக்க ஆச்சிமாரு மொகத்த எத்தன வருசம் பாத்திருக்கேன். வண்டி முந்தி வந்தா ஒருத்தியும் அழமாட்டா. அஞ்சு நிமிசம் பிந்தினா உசுரே போயிரும் அவளுகளுக்கு."

சொல்லிவிட்டு அருவிக்குள் புகுந்துவிட்டார்.

போன வருடம் அண்ணாச்சி காலமானார். வேலை நிமித்தம் இப்போது நானும் அடிக்கடி பறக்கிறேன். இறங்கும் நேரத்தை அம்மாவிடம் சொல்லும்போது ஒரு மணி நேரம் சேர்த்தே சொல்கிறேன். இறங்கியதும் கூப்பிட்டால், வழியில் டீ குடித்தாயா என்றுதான் முதலில் கேட்கிறாள். ஒரு மணி நேரம் நின்றது, குடித்தேன் என்கிறேன்.