ஓடுகிற கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள்

கம்ப்யூட்டர் நன்றாக ஓடியதுதான் கௌஸ் மைதீனுக்குப் பிடித்த சனி. பழவேற்காட்டு இறால் கம்பெனிக்கு எண்பத்தெட்டில் வந்த பெட்டி அது. அவர் உட்கார்ந்து எடையைத் தட்டினால் சீட்டு அடிக்கும். சீட்டு இருந்தால்தான் லாரி கிளம்பும். அது பொறுக்காமல் மெட்ராஸிலிருந்து இன்ஜினியர் ஆதிநாராயணன் ஃப்ளாப்பியோடு ஜீப்பில் வந்து இறங்கினார்.

"பாய், புது புரோகிராம் வந்திருக்கு."

"பழசு நல்லாத்தானே சார் ஓடுது?"

"அதான் பிரச்சினையே. பழசாச்சே!"

போட்டார். வந்தவரைப் பட்டினியாக அனுப்பினால் ஊருக்கு இழுக்கு என்று கௌஸ் மைதீன் வீட்டுக்கு அழைத்துப்போய், மனைவி கரீமா வைத்த நண்டுக் குழம்பை ஊற்றி அனுப்பினார். திரும்பி வந்து பார்த்தால் பிரின்டர் செத்துக் கிடந்தது.

அடுத்த வாரம் பிரின்டருக்கென்று ஒரு ஃப்ளாப்பி வந்தது. பிரின்டர் பிழைத்தது, எடைக்குப் பைத்தியம் பிடித்தது.

"இன்னா பாய், கையால தடவிப் புடிச்ச நாலு இறாலு நாப்பது கிலோவா?" என்றாள் இறால் கூடையோடு வந்த வேலம்மா.

எடைக்கு இன்னொரு ஃப்ளாப்பி, சாருக்கு இன்னொரு நண்டு விருந்து. இம்முறை எடை சரி. ஆனால் இறால் போட்ட எல்லார் சீட்டிலும் சுப்பன் என்ற ஒருவன் பெயரே விழுந்தது. சுப்பன் மட்டும் குறை சொல்லவில்லை. சண்டை தீர்வதற்குள் ஐஸ் உருகி, ஒரு லோடு இறால் நாறிப்போனது.

"இன்னொரு லோடு கெட்டா, நீ வூட்டுக்குப் போய்டு" என்றார் மேனேஜர்.

கௌஸ் மைதீன் மறுநாளே ஃப்ளாப்பி போடும் வாயில் பிளாஸ்திரி ஒட்டி, மேலே சிவப்பு மையில் 'தொடாதீர்கள்' என்று போர்டு மாட்டினார்.

ஆதிநாராயணன் வந்தார். போர்டைப் படித்துச் சிரித்தார். பிளாஸ்திரியைப் பிய்த்துப் புது ஃப்ளாப்பியைச் செருகினார். மொத்தப் பெட்டியும் படுத்துவிட்டது.

"சாப்பிட்டு வந்து பாத்துக்கலாம் பாய்" என்று, வழி பழகிய பாய் வீட்டுக்குத் தனியாகவே நடந்தார்.

சாப்பிட்டு வந்தவர் முகம் செத்திருந்தது. எல்லாவற்றையும் அழித்து, பழைய புரோகிராமையே திரும்பப் போட்டார்.

"இதுவே நல்லாத்தான் இருக்கு பாய். இனிமே புதுசு எதுவும் வராது."

வேலம்மா பெயரில், சரியான எடையில் சீட்டு விழுந்தது. லாரி கிளம்பியது. கௌஸ் மைதீன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"பாத்தியா கரீமா! ஒரே ஒரு போர்டு. மெட்ராஸே அடங்கிடுச்சு!"

கரீமா அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை.

"உங்க போர்டாவது மண்ணாவது! இனிமே நண்டு கெடையாதுனு சொல்லி, அந்தாளுக்கு இன்னைக்கு வெறும் கத்தரிக்கா கொழம்பு ஊத்துனேன்."