மாப்பிள்ளைக் குதிரையும் நாலாம் தீர்மானமும்

குதிரைச் சவாரிக் காயங்கள் என்னும் உலகப் பிரச்சினையை ஒரே மாலையில், ஒரு தட்டு ரோல்ஸுடன் தீர்த்துவைத்த பெருமை வெள்ளவத்தை திருமதி நாகேஸ்வரி பொன்னம்பலத்துக்கே உரியது. மகன் கிஷாந்த் கல்யாண மண்டபத்துக்குக் குதிரையில் வருவதென்று முடிவானதும், அவர் "பாதுகாப்புக் குழு" ஒன்றை அமைத்தார்.

குழுவில் ஒன்பது பேர். எட்டுப் பேர் குதிரையில் ஏறியதில்லை. ஒன்பதாமவர் குதிரையின் சொந்தக்காரர், கொம்பனித்தெரு ஷிப்லி. அவருக்கு மட்டும் உட்காரக் கதிரை இல்லை.

ஷிப்லி மாப்பிள்ளைக்குத் தலைக்கவசம் கேட்டார். தலைப்பாவில் பதினொரு சுற்றுத் துணி இருப்பதால் அதுவே தலைக்கவசம் என்று தீர்மானமாயிற்று. பட்டு வேட்டிக்குள் காற்சட்டை போடச் சொன்னார். அது பண்பாட்டுப் பிரச்சினை என்பதால் உபகுழுவுக்குப் போனது.

"என்ன வேணும்டாலும் செய்ங்க மேடம். குதிரைட கயிறு மட்டும் என்ட கையில ஈக்கணும்" என்றார் ஷிப்லி.

வீடியோக்காரன் றமேஷ் தலையைச் சொறிந்தான். "கயிறு பரவாயில்லை அன்ரி. பிடிக்கிற ஆள்தான் ஃபிரேமுக்க வருவார்."

எல்லோரும் ஷிப்லியின் சாயம் போன சேர்ட்டைப் பார்த்தார்கள். குதிரைக்காரர் பத்து அடி தள்ளி நிற்பது என்ற நாலாம் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நின்றுகொண்டிருந்த ஷிப்லி, எழுந்து நின்று ஆதரித்ததாகக் குறிக்கப்பட்டது.

கல்யாண நாளில் குதிரையில் ஏறிய கிஷாந்த், கயிற்றைப் பிடித்திருந்த ஷிப்லியிடம் குனிந்தார். "அண்ணை, விடமாட்டீங்கள்தானே?"

"உட மாட்டேன் தம்பி."

பாதித் தெருவரை ஷிப்லி சொல்லைக் காப்பாற்றினார். அங்கே நாகேஸ்வரி எட்டிப் பார்த்து, "நாலாம் தீர்மானம்" என்று மட்டும் சொன்னார். ஷிப்லி கயிற்றை விட்டு அடிகளை எண்ணிக்கொண்டு நடந்தார். ஏழாவது அடியில் றமேஷின் ட்ரோன் இறங்கியது. குதிரை மேளத்துக்குப் பழகியது. தலைக்கு மேல் இரைவதற்குப் பழகவில்லை. றமேஷ் கேட்டபடி மாப்பிள்ளை இரு கைகளையும் கூப்பியிருந்தார்.

மிரண்ட குதிரை தெரிந்த ஆளை நோக்கித்தான் ஓடியது. பதினொரு சுற்றுத் தலைக்கவசம் மாப்பிள்ளைக்கு முன்பே தரைக்குப் போய்விட்டது. தலையைத் தாங்கியது ஷிப்லியின் கை. தாலி கட்ட வேண்டிய வலக்கைக்குத்தான் தாங்க ஆளில்லை, மணிக்கட்டு முறிந்தது.

நாகேஸ்வரி பதறிக்கொண்டு மகனிடம் ஓடினார். வழியில் றமேஷிடம் நின்றார்.

"வீடியோ வந்திருக்கோ தம்பி?"

"வடிவா வந்திருக்கு அன்ரி. தலையைப் பிடிக்கேக்க மட்டும் குதிரைக்காரர் ஃபிரேமுக்க வந்திட்டார்."

"அவரை வெட்டி விடுங்கோ."