அப்பீல் ஐயாவும் ஆர்.சி. முடிந்த ஸ்கூட்டரும்

எமன் எருமையோடு வந்து வாசலில் நின்றாலும், "உத்தரவு நகல் கொண்டாந்திருக்கியா?" என்று கேட்டு அவனைத் திருப்பி அனுப்பக்கூடிய மனிதர் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் அப்பீல் ஐயா.

தொண்ணூறுகளில் அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடமொன்றில் எனக்குக் கணக்கு வாத்தியார் வேலை. தங்கியிருந்தது அப்பீல் ஐயா வீட்டின் பின்கட்டு அறையில். வாடகை பேசப் போன அன்றே அவரைப் புரிந்துகொண்டேன். அவர் ஒரு தொகை சொன்னார். நான் சரி என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "என்ன தம்பி, உடனே சரிங்கிறீங்க? கொஞ்சம் எதிர்த்துப் பேசிப் பாக்க வேணாமா?" என்றார். பிறகு என் சார்பாகவும் அவரே வாதாடி, தாமே குறைத்துக்கொண்டார்.

எந்தத் தீர்ப்பையும் முதல் சுற்றில் ஏற்றுக்கொள்வது அவருக்கு அவமானம். டீக்கடையில் டீ ஆறிவிட்டதென்றால் மாஸ்டரிடம் சொல்ல மாட்டார், முதலாளியிடம் மேல்முறையீடு. கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோச்சு என்று பரிமாறுகிறவர் சொன்னால் இலையில் உட்கார்ந்தபடியே பெண்ணின் தகப்பனாரை வரவழைப்பார். உள்ளூர் டாக்டர் அவருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னபோது, "அது கீழ்க்கோர்ட்டு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறித் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கேயும் சர்க்கரை என்றார்கள். திரும்பி வந்து, "அப்பீல்ல உறுதியாயிடுச்சு" என்று அறிவித்தார். அன்றோடு இனிப்பைத் தொடவில்லை. மேல்கோர்ட்டு சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அதுதான் அவரிடமிருந்த நேர்மை.

இந்தப் பழக்கம் விளையாட்டாக வந்ததில்லை. அவர் வயல், அப்பா காலத்திலிருந்து ஒரு பண்ணையாரிடம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தது. ஆட்சி கழகத்தின் கைக்கு வந்த புதிதில், சாகுபடி செய்கிறவன் பெயரைக் குத்தகைதாரராகப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. பதிவானவன் வயலில் நின்றான். பதிவாகாதவன் வரப்பில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தான். "இவன் என்னிடம் கூலிக்கு வேலை பார்த்தவன்தான்" என்று பண்ணையார் சொல்ல, தாலுகா ஆபீசில் மனு தள்ளுபடியானது. அந்த வருஷங்களில் இந்தப் பக்கம் செங்கொடி ஊர்வலமும் போலீஸ் வேனும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. ஒரு போகம் போலீஸ் காவலில் அறுவடை நடந்தது. ஊரே "விட்டுடுப்பா, உசுரோட இரு" என்று புத்தி சொன்னபோது, அவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பீலுக்குப் போனார். அங்கிருந்து இன்னொரு அப்பீல். நாகப்பட்டினத்துக்கும் மெட்ராசுக்கும் நடந்து செருப்பு தேய்ந்தது. கடைசியில் அவர் பெயர் பதிவேட்டில் ஏறியது.

ஜெயித்த வருஷத்து சம்பா நெல்லை விற்று ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். அதையும் தன் பெயரிலேயே பதிவு செய்தார். பிறந்ததிலிருந்து அவர் பெயருக்குப் பதிவான இரண்டாவது சொத்து அது.

நான் பார்த்தபோது அந்த ஸ்கூட்டரின் நிறத்தைப் பற்றி வீட்டிலேயே கருத்து வேறுபாடு இருந்தது. அவர் பச்சை என்பார். அவருடைய மனைவி ராஜாமணி அம்மா சேற்று நிறம் என்பார். வண்டியை இடப்பக்கம் படுக்கப் போட்டு, மனதுக்குள் எதையோ எண்ணி, நிமிர்த்தி உதைத்தால்தான் கிளம்பும். ஹாரன் கிடையாது; அந்த வேலையை அவர் தொண்டை பார்த்துக்கொண்டது. உர மூட்டை, நாற்று முடிச்சு, பிரசவத்துக்குப் போகிற பெண், ஆட்டுக்குட்டி என்று அதில் ஏறாத ஜீவன் இல்லை. தினமும் காலையில் நானும் ஏறுவேன். பள்ளிக்கூட வாசல் வந்ததும் செருப்புக் காலைத் தரையில் ஊன்றி வண்டியை நிறுத்துவார்.

ஒரு புரட்டாசி மாதக் காலை. வயலுக்குக் கடைமடைத் தண்ணீர் அப்போதுதான் வந்து சேர்ந்து, நடவு மும்முரமாக இருந்த நேரம். கடைத்தெரு முக்கில் புதிதாக மாற்றலாகி வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் எங்களைக் கைகாட்டி நிறுத்தினார். இளைஞர். சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையாதவர். ஊரைப் பற்றி அவருக்கு யாரும் எச்சரிக்கை செய்திருக்கவில்லை.

"ஆர்.சி. புக் இருக்குங்களா?"

அப்பீல் ஐயா பெருமையோடு எடுத்து நீட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் மூலை மடங்காமல் இருந்தது.

எஸ்.ஐ. பார்த்தார். "பதிவு முடிஞ்சுபோச்சுங்களே."

"என்ன முடிஞ்சுபோச்சு?"

"பதினஞ்சு வருஷம்தான் செல்லும். அப்புறம் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும். இது முடிஞ்சு ரொம்ப நாளாச்சு."

அப்பீல் ஐயா ஸ்கூட்டரை விட்டு இறங்கினார். நானும் இறங்கினேன், முதல் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேர முடியாது என்பது தெரிந்துவிட்டது.

"தம்பி, பதிவுன்னா என்ன? ஒருத்தன் பேரைக் கவர்மெண்டு எழுதி வைக்கிறது. எழுதினது எப்படி முடியும்? பாலா அது, கெட்டுப்போக?"

"சட்டம் மாறிடுச்சுங்க ஐயா."

"அப்ப நான் மேல பாத்துக்கிறேன்."

"மேலன்னா?"

"அப்பீல்!"

எஸ்.ஐ. கேஸ் எழுதி, சீட்டைக் கையில் கொடுத்து, வண்டியை ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். கோர்ட்டில் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் வண்டி கையில் வந்துவிடும், பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று பொறுமையாகவும் சொன்னார். அப்பீல் ஐயாவின் காதில் 'ஒப்புக்கொண்டு' என்ற சொல் மட்டும்தான் விழுந்தது.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அன்று சில்லறை வழக்குகளின் நாள். விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியவர்கள், காசு வைத்துச் சீட்டாடியவர்கள், ஒரே வண்டியில் மூன்று பேராகப் போனவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய் "ஒத்துக்கிறேங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். ஒருவர் கேள்வி வருவதற்கு முன்பே ஒத்துக்கொண்டார். நீதிபதி ஒரு பெண்மணி. கனமான கண்ணாடி, களைத்த முகம். அப்பீல் ஐயாவின் முறை வந்தபோது தலை நிமிராமலே கேட்டார்: "குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கலைங்க அம்மா."

தலை நிமிர்ந்தது. கோர்ட்டே நிமிர்ந்தது. வாய்தா கொடுத்தார்கள்.

வாய்தாச் செய்தியோடு வீட்டுக்கு வந்தவரை ராஜாமணி அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"வண்டி எங்க?"

"கோர்ட்டு கஸ்டடில இருக்கு."

"நாளைக்கு நடவாளுங்களுக்குச் சோறு யார் கஸ்டடில போவும்?"

அதற்கு மேல்முறையீடு இல்லை. ராஜாமணி அம்மாவுக்கு முழங்கால் வலி, வயல் தொலைவு. ஆகவே மறுநாளிலிருந்து சோற்றுக் கூடையை அப்பீல் ஐயாவே தலையில் சுமந்துகொண்டு வாய்க்கால் கரையில் நடந்தார். யாரிடமும் ஒரு சைக்கிள்கூட இரவல் கேட்கமாட்டார். முழங்காலைப் பிடித்தபடி ராஜாமணி அம்மா பின்னாலேயே போனார். வலித்தாலும் கூடவே போனதற்குக் காரணம், திட்டுவதற்கு அந்த வழி வசதியாக இருந்ததுதான். "ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சுபோவும்?" என்பது அவருடைய பல்லவி. நடவு நட்ட பெண்கள் குலவையை நிறுத்திவிட்டு இதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

ஓரிரண்டு நாள் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் மாலை கைகால் கழுவிக்கொண்டிருந்தவரிடம், "ஐயா, சின்ன விஷயம்தானே? ஒத்துக்கிட்டா என்ன?" என்று கேட்டேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தம்பி, அப்ப பண்ணையாரோட ஏஜெண்டு இதே மாதிரிதான் கேட்டான். 'கூலிக்காரன்தான்னு ஒத்துக்க, சின்ன விஷயம்தானே'ன்னு. என் பேரு ஒரு எடத்துல ஏறிடுச்சுன்னா அதை எவன் வந்து முடிஞ்சுபோச்சுன்னு சொன்னாலும் மறுபடி வரப்புல ஏத்தி நிறுத்தின மாதிரி இருக்கு. வண்டிக்காகன்னு நெனச்சீங்களா?"



வாய்தா நாளன்று நானும் லீவு போட்டுவிட்டு உடன் போனேன். ராஜாமணி அம்மா வந்து கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் நின்றார். அப்பீல் ஐயா உள்ளே போய், வக்கீல் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நிலத்தில் ஆரம்பித்தார். தாலுகா ஆபீஸ், நாகப்பட்டினம், மெட்ராஸ் என்று ஒவ்வோர் ஊராக நீதிபதியைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார். அரசு வக்கீல் இருமினார். நீதிபதி அவரைக் கையமர்த்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

"இன்னி வரைக்கும் அந்தப் பதிவு அப்படியே இருக்குதுங்க அம்மா. அதே கவர்மெண்டு போட்ட பதிவுதானே இது? இது மட்டும் எப்படி முடியும்?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, நிலம் இருந்த எடத்துல இருக்கு. யார் மேலயாச்சும் போய் மோதுமா?"

"மோதாதுங்க."

"வண்டி மோதும். நாளாக ஆகத் தேயும். அதனாலதான் நடுவுல ஒரு தடவை பாக்கணும்கிறாங்க. உங்க வண்டியில பிரேக் பிடிக்குதா?"

கூண்டில் நின்று பொய் சொல்கிற வழக்கம் அவருக்கில்லை. "காலை ஊனினா நிக்குதுங்க."

கோர்ட்டு சிரித்தது. கேஸ் எழுதிய எஸ்.ஐ.யும் சுவரோரம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். நீதிபதி சிரிக்கவில்லை.

"பின்னாடி யார் உக்காருவாங்க?"

"எங்க வீட்டம்மா. இந்த வாத்தியார் தம்பி. ஊர்ல முடியாத ஆளுங்க யாருன்னாலும்."

"அவங்களுக்காகத்தான் ஐயா இந்தச் சட்டம். உங்க பேரை யாரும் எடுக்கல. புக்குல உங்க பேரு அப்படியேதான் இருக்கும். தேதி மட்டும்தான் மாறும்."

அப்பீல் ஐயா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல் வழியாக வேப்பமரத்தடி தெரிந்தது. ராஜாமணி அம்மா குனிந்து முழங்காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"பேரு மாறாதுங்களே?"

"மாறாது."

"அப்ப ஒத்துக்கிறேங்க." கொஞ்சம் யோசித்து, "இதை மொதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா அன்னிக்கே ஒத்துக்கிட்டிருப்பேன்" என்று எஸ்.ஐ. பக்கம் திரும்பிச் சொன்னார். எஸ்.ஐ. இரண்டு கையையும் கூப்பினார்.

அதற்குப் பிறகு வண்டியைப் புதுப்பிக்க அவர் காட்டிய வேகம் தாங்க முடியாததாக இருந்தது. பிரேக் கட்டை மாற்றி, லைட் போட்டு, ஹாரன் வாங்கி மாட்டினார். சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும் என்றார்கள். அடியில் பல போகத்துச் சேறு படிந்து நம்பர் இருக்கும் இடமே தெரியவில்லை. அரிவாள் முனையால் சுரண்டியதில் காய்ந்த நாற்று ஒன்று வேரோடு வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை வாங்கி உதைத்தார், உதைத்தார், வியர்த்தார். "தள்ளுங்க சார்" என்று அப்பீல் ஐயா முன்னே வந்து, வண்டியைச் சாய்த்து, நிமிர்த்தி, ஒரே உதையில் கிளப்பிக் கொடுத்தார். "வண்டிக்கு எஃப்.சி. குடுத்துடலாம். இதைக் கிளப்புற ஆளையும் கூடவே புக்குல எழுதணும் போலிருக்கே" என்றார் இன்ஸ்பெக்டர். அப்பீல் ஐயா அதை நிஜமென்று நம்பி, எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள் என்று விசாரித்தார்.

புதுத் தேதி வாங்கி வந்த மறுநாள் காலை, கடைத்தெரு முக்கில் எஸ்.ஐ. நின்றிருந்தார். எங்களை அவர் நிறுத்தவில்லை. அப்பீல் ஐயாவே புது பிரேக்கைப் பிடித்து நின்று, ஆர்.சி. புக்கை எடுத்து நீட்டினார். "பாருங்க."

"நான் கேக்கவே இல்லையேங்க. போங்க ஐயா."

"இல்ல, பாருங்க."

பார்த்தார். மறுநாளும் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாளும். இரண்டு வாரத்தில் எஸ்.ஐ. எங்கள் ஹாரன் சத்தம் கேட்டால் டீக்கடைக்குள் போய்விடுவார். அப்பீல் ஐயா டீக்கடைக்குள்ளும் போனார். ஒரு கட்டத்தில் அந்த மனிதர் டீயைக் குடித்துக்கொண்டே புக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்பீல் ஐயாவுக்கும் சர்க்கரையில்லாமல் ஒரு டீ சொல்ல ஆரம்பித்தார்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் எஸ்.ஐ.க்கு வேதாரண்யம் பக்கம் மாற்றல் வந்தது. கிளம்புகிற நாளன்று சாயங்காலம் நானும் அப்பீல் ஐயாவும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எஸ்.ஐ. காக்கி உடுப்பில்லாமல், சாதாரண சட்டையில் ரோட்டோரம் நின்று கைகாட்டினார்.

"ஆர்.சி. புக்கைக் காட்டுங்க ஐயா."

அப்பீல் ஐயா கொடுத்தார். எஸ்.ஐ. அதைத் திறந்து, அவர் பெயரை, தகப்பனார் பெயரோடு சேர்த்து, கோர்ட்டில் கூப்பிடுவது போல உரக்க வாசித்தார். மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "சரியா இருக்குங்க. வர்றேன்."

அப்பீல் ஐயா புக்கை உறைக்குள் செருகினார். வண்டியைக் கிளப்பினார். வாய்க்கால் மதகு தாண்டியும் பேச்சில்லை. எதிரில் வந்த மாட்டுக்கு வழிவிட்டார்; ஹாரன்கூட அடிக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குப் பயமாகிவிட்டது. இந்த மனிதர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. மேற்கே வானம் கறுத்திருந்தது. அதையாவது சொல்லிப் பார்ப்போம் என்று, "மழை வரப்போவுதுங்க ஐயா" என்றேன்.

வண்டி வேகம் குறைந்தது.

"யாரு சொன்னது?"

"மேகம் கூடியிருக்கே."

"கூடினா? கூடுன மேகமெல்லாம் பெஞ்சுடுமா? அது காத்தடிச்சா கலைஞ்சு கடல் பக்கம் போயிடும் தம்பி, கேளுங்க..."

அவர் வாதத்தை முடிப்பதற்குள் கொட்டத் தொடங்கிவிட்டது. அது மழையே இல்லை, வெறும் தூறல் என்று சட்டை ஒட்டிக்கொண்ட பிறகும் சாதித்துக்கொண்டு வந்தார். நான் எதிர்த்து எதிர்த்துக் கேட்டேன். வீடு வந்துவிடக் கூடாதே என்றிருந்தது எனக்கு.