சர்வேயருக்காகக் கூட்டிய வீடு

என் மனைவி மல்லிகாவின் தையல் தொழிலைத் தீ பாதிதான் அழித்தது. மீதியை நான் விளக்குமாற்றால் முடித்து வைத்தேன்.

செம்பூரில் எங்கள் ஃபிளாட் இருக்கும் கட்டடத்துக்கு சொசைட்டி காப்பீடு எடுத்திருந்தது. அது சுவருக்கும் கூரைக்கும்தான், உள்ளே உள்ள சாமானுக்கு நாமே தனியாக எடுக்க வேண்டும் என்று விசாரித்து வந்து, பாலிசி எடுத்தவள் மல்லிகா. ('சுவருக்கு எடுத்தாச்சுல்ல, பீரோவுக்கு வேறயா?' என்று கேட்ட மேதை நான்.)

ஒரு மத்தியானம் சுவிட்ச் போர்டில் பிடித்த தீ அவளுடைய தையல் அறையைத் தின்றது. இரண்டு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக், வாடிக்கைக்காரர்களின் கல்யாண ஜாக்கெட்டுத் துணிகள், எல்லாம் போயின. மல்லிகா அழவில்லை.

"பாலிசி இருக்குங்க. மெஷின் மட்டும் வந்துட்டா தைச்சு நிமிர்ந்துருவேன்."

மகள் போனை எடுத்தாள். எரிந்த வீட்டைப் படம் பிடித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று தடுத்துவிட்டேன்.

சேதம் பார்க்க காப்பீட்டுக் கம்பெனியின் சர்வேயர் வரும் நாளன்று, துணி கொடுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்க மல்லிகா மாட்டுங்கா போனாள். "எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பாவம், எனக்கு இடுப்பு வலி என்று நினைத்துச் சொல்கிறாள் என்று உருகிப்போனேன். ஆனால் வீட்டுக்கு ஒரு பெரிய மனுஷன் வரும்போது கரியும் நாற்றமுமாகவா வரவேற்பது? பழைய இரும்பு எடுக்கும் பங்கார்வாலாவைக் கூப்பிட்டு உருகிய மெஷின்களை அள்ளிப்போகச் சொன்னேன். பெயிண்டர் சுவரை வெள்ளையாக்கினார். ஊதுவத்தி ஏற்றினேன், ஃபில்டரில் டிகாஷன் இறக்கினேன்.

சர்வேயரும் மல்லிகாவும் ஒரே லிஃப்டில் வந்தார்கள். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"நுக்ஸான் கிதர் ஹை?"

சேதம் எங்கே என்கிறார். "சப் சாஃப் கர் தியா!" என்றேன், எல்லாம் சுத்தம் செய்தாச்சு என்று, பாராட்டை எதிர்பார்த்து.

மல்லிகா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அந்த முகத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். மெஷின்களை ஏற்றிக்கொண்டு லாரி போய்விட்டிருந்தது. காட்ட ஒன்றும் இல்லாததால் பாலிசியில் ஒன்றும் வரவில்லை.

இப்போதும் விருந்தாளி வருகிறார் என்று நான் துடைப்பத்தைத் தொட்டால் போதும், மகள் கத்துவாள்: "பப்பா, ருக்கோ! பெஹ்லே போட்டோ!" நில்லுங்க, முதலில் போட்டோ என்கிறாள். வீடே சிரிக்கும். மல்லிகாவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, டிபன் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு பாண்டுப் கிளம்புவாள். அங்கே ஒரு கடையில், இன்னொருவர் மெஷினில் தைக்கிறாள்.