ஆமையின் நிறம்

மார்ச் 14, சனி.

இந்த மாதம் இரண்டாம் தேதி ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். மாமாவின் பழைய காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "இந்த அரக்குக் கலர் பிற்பாடு யாரோ அடிச்சது மாதிரி இருக்கே" என்று சொன்னேன். சும்மா ஏதாவது பேச வேண்டுமே என்று பேசியது அது. எனக்கு நிறங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மாமா, அதாவது என் அக்காவின் கணவர், துடைப்பதை அப்படியே நிறுத்திவிட்டார்.

கார் உலகப் போருக்கு முந்திய மாடல். அதைச் செய்த கம்பெனி மூடி வெகுகாலம் ஆகிறது. முதுகு உருண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாற்போல இருப்பதால் வீட்டில் அதற்கு ஆமை என்று பெயர். சாலையிலும் அந்தப் பெயரைக் காப்பாற்றும்.

ஆமை நிற்கும் ஷெட்டின் மேல் அக்காவுக்கு ஒரு கண். அவளுடைய தையல் மெஷின்கள் ஹாலை அடைத்துக்கொண்டிருக்கின்றன. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் நூல் கிடக்கும். அதனால் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்: பழைய கார்க் கண்காட்சியில் ஆமை தேறினால் ஷெட் மாமாவுக்கு. தேறாவிட்டால் ஷெட் மெஷின்களுக்கு, ஆமை வெயிலுக்கு.

மாமா உடனே கண்காட்சிச் செயலாளருக்குப் போன் போட்டார்.

"கம்பெனியில இருந்து வந்த கலரா இருக்கணும் சார். இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவோம்."

"அந்த மாடல் என்ன கலர்ல வந்துச்சுங்க?"

"அதை நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

இணையத்தில் தேடினோம். அதே மாடல் சாம்பலில் இருந்தது, மஞ்சளில் இருந்தது, நீலத்திலும் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு சண்டை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் முட்டாள்தனம் என்றார். அதற்கும் அடுத்தவர் இருவரையும் சேர்த்தே சொன்னார்.

மறுநாள் நூலகத்துக்குப் போனோம். ஒரே ஒரு புத்தகத்தில் ஆமையின் படம் இருந்தது.

"பாருங்க மாப்ளே. கறுப்பும் வெள்ளையும். தெளிவா இருக்கு."

"மாமா, படமே கறுப்பு வெள்ளைப் படம். பக்கத்துல நிக்கிற ஆளும் அப்படித்தான் இருக்கார்."

மாமா அந்த ஆளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா, அவரும்தான்" என்று புத்தகத்தை மூடினார்.

நூலகர் பரிதாபப்பட்டு ஒரு பெரியவரின் முகவரியைக் கொடுத்தார். அவருடைய தகப்பனார் அந்தக் காலத்தில் கார் ஷோரூம் வைத்திருந்தாராம். பெரியவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஆரஞ்சு. இப்பவும் கண்ணுக்குள்ளேயே நிக்குது."

மாமா வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளை எடுத்து பானெட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். அரக்கு போனதும் தகரம்தான் பளபளத்தது.

"மாமா, அடியில வேற கலரே இல்லையே?"

"நல்லா சுரண்டிட்டுத்தான் அரக்கு அடிச்சிருப்பாங்க. அந்தக் காலத்து ஆளுங்க வேலையில சுத்தம்."

நன்றி சொல்லப் பெரியவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய மகள் கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"அப்பாவுக்குப் பொறந்ததுல இருந்தே சிவப்பு எது, பச்சை எதுன்னு பிரிச்சுத் தெரியாதுங்க. ஆனா கேட்டா அடிச்சுச் சொல்வாரு."

திரும்பி வந்தோம். ஆமை வழுக்கைத் தலையோடு நின்றது. அக்கா கையில் டேப்போடு ஷெட்டுக்குள் வந்தாள்.

"நான் அளக்கத்தான் வந்தேன். நீங்க பாட்டுக்குச் சுரண்டுங்க."

"இன்னும் தோத்துப் போகல" என்றார் மாமா.

"யாரு இல்லேன்னா? கொஞ்சம் நகருங்க, சுவரு நீளம் பார்க்கணும்."

மாமா மறுபடியும் செயலாளரைப் பிடித்தார். இதே மாடல் இன்னொன்று பக்கத்து ஊர்ப் பல் டாக்டரிடம் இருப்பதாகத் தெரிந்தது. இதை முதலிலேயே கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. நான் சொன்னதுவரை போதும்.

"வணக்கம் டாக்டர். உங்க வண்டி என்ன கலருங்க?"

"பச்சை. உங்களுது?"

"அரக்கு."

மாமா போனை மறு காதுக்கு மாற்றினார்.

"கம்பெனி கலர்தானே?" என்றார் டாக்டர்.

"எங்க கைக்கு வந்ததுல இருந்து அதேதான் டாக்டர்" என்றார் மாமா. போனில் தெரிந்துவிடுமோ என்பதுபோல் ஒரு கையால் வழுக்கையை மறைத்துக்கொண்டார்.

"ஓ" என்றார் டாக்டர்.

போனை வைத்ததும் நான் கேட்டேன். "அந்த 'ஓ'வுக்கு என்ன அர்த்தம் மாமா?"

"ஐயோ பாவம்னு அர்த்தம். தப்புன்னு முகத்துக்கு நேரா சொல்ல அவருக்கு மனசு வரல."

"பச்சைன்னு அவருக்கு எப்படித் தெரியும்னு கேட்டிருக்கலாமே?"

"பல் டாக்டர் மாப்ளே. கை ஒரு நூல் தப்பினாலும் நரம்புல பட்டுரும். அப்பேர்ப்பட்டவர் தப்பான கலர்ல கார் வெச்சிருப்பாரா?"

டாக்டரிடம் கேட்டு வாங்கிய படத்தோடு பெயிண்ட் கடைக்குப் போனோம். கடைக்காரர் கலந்து கலந்து காட்டினார். மாமா ஒவ்வொன்றையும் படத்தோடு ஒட்டிப் பார்த்து, "கொஞ்சம் கூடிப்போச்சு", "கொஞ்சம் செத்துப்போச்சு" என்றார். கடைசியில் கடைக்காரர், "இதுக்கு மேல வேணும்னா நீங்களே உள்ள வந்து கலந்துக்கங்க சார்" என்று கரண்டியை நீட்டியபோது நிறம் சரியாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அடித்தோம். என் கணக்கு வகுப்புக்குக் கை நகமெல்லாம் பச்சையாகப் போனேன்.

மார்ச் 15, ஞாயிறு.

இன்று கண்காட்சி. ஆமை மைதானத்தில் தளிர்போல மின்னியது. செயலாளர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"பச்சைக்கு என்ன ஆதாரம் சார்?"

"இதே மாடல் டாக்டர்கிட்ட இருக்கு. இப்ப வந்துருவார். பக்கத்துல நிறுத்திப் பாருங்க, இம்மி பிசகாது."

அப்போதே டாக்டரின் கார் உள்ளே நுழைந்தது. நல்ல அரக்கு. பெயிண்ட் வாசனை அதற்கு முன்னால் வந்து சேர்ந்தது.

டாக்டர் இறங்கினார். எங்கள் பச்சையைப் பார்த்தார். பல்வலிக்காரர் போலக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

செயலாளர் இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, இதுல எது கம்பெனி கலர்?"

"அவருது" என்றார் மாமா.

"அவருது" என்றார் டாக்டர்.

பின்சீட்டிலிருந்து டாக்டரின் மனைவி மெதுவாக இறங்கி, எங்கள் ஆமையைத் தொட்டுப் பார்த்தார்.

"அடடா, இது எங்க வாசல் கேட்டுக்கு அடிச்சு மிஞ்சின பச்சையாச்சே. காரு இவரு கைக்கு வந்தப்ப உங்களுது முன்னாடி இருந்த மாதிரி அரக்குதாங்க."

நாளைய வேலை: காலையில் ஆமையை வெளியே தள்ளிவிட்டு, மெஷின்களை ஷெட்டுக்கு மாற்றுவது.