நாற்பது வகை மரவட்டையும் ஒரு நாரை அதிகாரியும்

ஒரு காட்டில், அதுவும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே வேர்த்து விறுவிறுத்துக் கிடந்த ஒரு காட்டில், நாற்பது வகை மரவட்டைகள் இருந்தன. சிவப்பு, கறுப்பு, மஞ்சள் வரி போட்டது, தட்டையானது, முள் வைத்தது என்று ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. வடக்கே போகப் போக வகை குறைந்துகொண்டே வரும். வடகோடிப் பனிக்காட்டில் ஒரே ஒரு பழுப்பு வகைதான். இது எறும்புக்குக்கூடத் தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது.

ஆகவே சிங்கராஜா உத்தரவு போட்டார். இந்தத் தெற்குக் காடு, வடகோடிப் பனிக்காடு இரண்டிலும் மரவட்டைக் கணக்கெடுப்பு நடக்கும். எங்கே வகை அதிகமோ, இரண்டு காட்டுச் சருகும் அந்தக் காட்டுக்கே.

மரவட்டைக்குச் சருகுதான் சோறு, சருகுதான் வீடு. இருந்தாலும் தெற்கில் யாரும் கவலைப்படவில்லை. நாற்பது எங்கே, ஒன்று எங்கே! பூவாயி என்ற சிவப்பு மரவட்டை மட்டும் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அதிகாரி வந்தா யாரும் சுருண்டுக்காதீங்க. சுருண்டா எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவோம்" என்றாள்.

"சேச்சே, நாங்க ஏன் சுருளப் போறோம்?" என்றன மற்றவை.

வடகோடித் தலைமையகத்திலிருந்து நாரை அதிகாரி படிவத்தோடு வந்து இறங்கினார். வரிசையைப் பார்த்து லேசாகத் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். முப்பத்தொன்பது வகையும் பொத்தான் போலச் சுருண்டுகொண்டன. பூவாயி மட்டும் அத்தனை காலையும் ஊன்றி நிமிர்ந்து நின்றாள்.

நாரை எழுதினார்: 'வகை இரண்டு. சுருள்வது, சுருளாதது.'

"ஐயா, நல்லாப் பாருங்க, இவங்க முப்பத்தொன்பது வகை! ஏய், நிமிருங்கப்பா!" என்று பூவாயி கத்தினாள். ஒருவரும் அசையவில்லை. சரி, இரண்டு என்றாலும் வடக்கைவிட ஒன்று கூடுதல்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நாரை அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "உன் வகையில நீ ஒருத்திதான் இருக்கே. அழியுற இனம். விதிப்படி உன்னைத் தலைமையகத்துல வெச்சுப் பாதுகாக்கணும்மா."

நாரை கெட்டவர் இல்லை, விதி தெரிந்தவர். பூவாயியைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, அலுங்காமல் குலுங்காமல் பனிக்காட்டுக்குக் கொண்டுபோனார். இறுதி அறிக்கை வந்தது: வடக்கில் இரண்டு வகை, தெற்கில் ஒன்று.

மறுவாரமே குரங்குகள் வந்து தெற்குக் காட்டின் சருகையெல்லாம் வழித்துப் பெருக்கி வண்டியேற்றின. வெறும் மண்ணில் கிடந்த முப்பத்தொன்பது வகையும் அப்போதுதான் மெல்ல நிமிர்ந்தன.

"எல்லாம் இந்தப் பூவாயியால வந்தது. அவளும் சுருண்டிருந்தா சமமாவது ஆயிருக்கும்" என்று பேசிக்கொண்டன.

நீதி: ஊரே சுருண்டு கிடக்கும்போது நிமிர்ந்து நிற்பவரை அரசாங்கம் கட்டாயம் பாதுகாக்கும். ஆகவே, பேசாமல் சுருண்டுகொள்ளுங்கள்.